ஒரு ஓட்டைக்கு ஒரு கயிறு

1. ஆடி பத்தாம் தேதி காலை பத்தே கால் மணிக்குப் பதினாலாம் நம்பர் அம்மாள் ஏழாம் நம்பரைக் கேட்டார். ஏழு பேசிக்கொண்டிருந்தது. அப்படியே சொன்னேன்.

2. உடனே இருபத்திரண்டாம் நம்பரைக் கேட்டார். அதுவும் பேசிக்கொண்டிருந்தது. அதையும் சொன்னேன்.

3. "ஓகோ" என்றார். வைத்துவிட்டார்.

4. அரை நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டு, தம்முடைய நாத்தனார் வீடான ஐந்தாம் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன்.

5. அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே இருபத்திரண்டாம் நம்பர் அம்மாள் கூப்பிட்டு ஏழைக் கேட்டார். ஏழு இன்னும் பேசிக்கொண்டிருந்தது. சொன்னேன்.

6. பதினாலைக் கேட்டார். அதுவும் பேசிக்கொண்டிருந்தது. சொன்னேன்.

7. "செரி, செரி" என்றார். வைத்துவிட்டார்.

8. ஏழாம் நம்பர் பேசிக்கொண்டிருந்தது இந்த இருவரோடும் அல்ல.

இந்த எட்டு வரிகளிலும் நான் ஒரு பொய் சொல்லவில்லை. விதி ஒன்றையும் மீறவில்லை. ஆனாலும் பத்தரை மணிக்குள் ஏழாம் நம்பர் அம்மாளுக்கு இருந்த இரண்டு சிநேகிதிகளும் இல்லாமற்போனார்கள். நான்கு வருஷம் ஆகிறது. இன்னும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் பெரும்பங்கு பதினாலாம் நம்பர் அம்மாளைச் சேரும்.

அவர் பெயரை எழுத மாட்டேன். லைனில் வருவது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இங்கே எழுதுவதெல்லாம் அவர் என்னோடு பேசியது, என்னிடம் கேட்டது. ஒட்டுக் கேட்டது ஒன்றுகூட இல்லை. பெயர் தேவையும் இல்லை. நான் அங்கே வேலை பார்த்த இரண்டு வருஷமும் அவர் எனக்குப் பதினாலுதான்.

எங்கள் ஊர் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு பஞ்சுச் சந்தை. டெலிபோன் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மொத்தம் முப்பத்தெட்டு இணைப்புகள். பஞ்சில் விதை பிரிக்கும் ஜின்னிங் பாக்டரிகள், எண்ணெய் மில், அரிசி மில், பஞ்சு மண்டிகள், ஒரு டாக்டர், ஒரு போலீஸ் ஸ்டேஷன். பாக்டரியும் வீடும் ஒரே காம்பவுண்டில் இருக்கும். காலையில் ஆண்கள் சந்தைக்குப் போனபின் டெலிபோன் பெண்களுடையது. பகல் ஆபரேட்டர் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளியில் படித்து, சென்னையில் ஆறு மாதம் பயிற்சி பெற்று, இருபத்தொரு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

என் முன்னால் ஒரு மரப் பலகை. அதில் முப்பத்தெட்டு ஓட்டைகள். ஒவ்வொன்றுக்கும் மேலே நகம் அளவு ஒரு தகடு. வீட்டில் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அந்த வீட்டுத் தகடு விழும். ஒரு கயிற்றின் முனையை அந்த ஓட்டையில் செருகி "நம்பர்?" என்று கேட்பேன். கேட்ட நம்பரின் ஓட்டை காலியாக இருந்தால் கயிற்றின் மறுமுனையை அதில் செருகி மணி அடிப்பேன். அதில் ஏற்கெனவே வேறு கயிறு இருந்தால் "பேசிட்டிருக்குதுங்க" என்பேன். யாரோடு என்று மட்டும் சொல்லக் கூடாது. வேலை இவ்வளவுதான். இதைவைத்துக்கொண்டு ஓர் ஊரையே இரண்டாகப் பிளக்க முடியும் என்று பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

பதினாலாம் நம்பர் அம்மாள் கைப்பிடியைச் சுற்றினால் தகடு விழாது, குதிக்கும். முதல் வார்த்தை எப்போதும், "ஏனுங்க அம்மணி, சாப்டாச்சுங்களா?" நான் ஆச்சு என்று சொல்லும்வரை நம்பர் வராது. தூரம் எவ்வளவோ அவ்வளவு உரக்கப் பேசவேண்டும் என்பது அவர் கணக்கு. அடுத்த தெருவுக்கு ஒரு குரல், கோயமுத்தூருக்கு வேறு குரல். அவருடைய தாய்மாமனைக் கேட்ட நாளில், "ஒரு நிமிசம் இருங்க, எந்திரிச்சுக்கறேன்" என்றார். பெரியவரோடு உட்கார்ந்துகொண்டு எப்படிப் பேசுவது? பேசி முடித்ததும் "வாரேனுங்க" என்று எனக்கும் ஒரு விடை சொல்லிவிட்டுத்தான் வைப்பார். இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காதது அவருடைய விதி. நான் சேர்ந்த முதல் வாரமே அதைச் சொல்லிவிட்டார்.

"அம்மணி, நான் ஒண்ணு சொல்லீர்றேன். எனக்கு ஆவாதவங்க உங்களுக்கும் ஆவப்படாதுங்க. எனக்கு வேண்டியவங்க உங்களுக்கும் வேண்டியவங்க. இப்படி இருந்தாத்தான் எனக்கு மனசு நிக்கும்."

"நான் ஆபரேட்டர்ங்க. எனக்கு முப்பத்தெட்டுப் பேரும் வேண்டியவங்கதான்."

"அதெப்படிங்க முடியும்?" என்றார். நிஜமாகவே வியப்பு. இடதும் வலதும் ஒரே கைதான் என்று நான் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வியந்திருக்க மாட்டார்.

விதியை அவர் வெறுமனே வைத்திருக்கவில்லை, நடத்தினார். தமக்கு வேண்டிய ஒருத்தி தமக்கு ஆகாத ஒருத்தியோடு பேசினால் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டில் ஒன்று நடக்கவேண்டும். அந்த இருவர் பிரியவேண்டும், அல்லது இவர் முதலாமவளை விடவேண்டும். பதினைந்து நாள்தான் தவணை. எனக்கும் அந்தத் தண்டனை கிடைத்திருக்கிறது. ஒரு நாள் வண்டிக்காரரிடம் தூக்குப் போசி நிறைய இனிப்பு ஒப்புட்டு அனுப்பினார். சந்தாதாரர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. திருப்பி அனுப்பினேன். மறுநாள் தகடு குதிக்கவில்லை, மெதுவாக விழுந்தது.

"ஏழு" என்றார்.

சாப்பாட்டு விசாரிப்பு இல்லை. அம்மணி இல்லை. '-ங்க' இல்லை. இரண்டு நாள் இப்படியே வெறும் எண்கள். மூன்றாம் நாள் நானே, "ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு மூச்சு விடும் சத்தம். "நீங்க கேட்டதே வயிறு நெறஞ்சுபோச்சு கண்ணு" என்றார். அதோடு சரியானது.

ஒரு தடவை அந்த விதியால் எனக்கு நன்மை கிடைத்தது. அதை எழுதாமல் விட்டால் இது ஒருதலையாகிவிடும். முப்பத்தொன்றாம் நம்பர் ஒரு பஞ்சுத் தரகர். லைன் கிடைக்கத் தாமதமானதற்கு என்னைக் கழுதை என்று திட்டினார். அந்தச் சமயம் காற்றில் கம்பிகள் உரசி, அவர் திட்டியது பதினாலுக்கும் கேட்டுவிட்டது. நான் புகார் எழுதவில்லை. பதினாலாம் நம்பர் அம்மாள் எழுத்தை நம்புகிறவர் அல்ல. அன்று பகலுக்குள் ஏழு வீடுகளுக்குப் பேசினார். மறுநாளிலிருந்து தரகரின் மனைவி எந்த நம்பரைக் கேட்டாலும், மணி அடித்து யாராவது எடுப்பார்கள், குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் தரகர் மாடியேறி எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. ஊட்டுல சோறாக்க மாட்டேங்கறாங்க."

அன்று எனக்கு அந்த விதி நன்றாகவே பிடித்திருந்தது. அந்த மனைவி என்ன தப்புச் செய்தாள் என்று எனக்குத் தோன்றவே ஒரு வாரம் ஆயிற்று.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. தெருவாரியாகப் பழுதுகள், மணிவாரியாக அழைப்புகள், அப்படி. சும்மா இருந்த ஒரு மத்தியானம் ஒரு பெரிய தாளில் பெண்கள் பேசும் நம்பர்களை மட்டும் வட்டமாக எழுதினேன். பேசிக்கொள்கிறவர்களுக்கு நடுவே நீலப் பென்சிலால் கோடு. வெட்டிக்கொண்டவர்களுக்கு நடுவே சிவப்பு. முடித்துவிட்டுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிந்தது. எந்த மூன்று பேரை எடுத்தாலும், மூன்று கோடும் நீலமாக இருக்கும். இல்லாவிட்டால் ஒன்று நீலம், இரண்டு சிவப்பு. அதாவது இருவர் ஒன்று சேர்ந்து மூன்றாமவரை விட்டிருப்பார்கள். இரண்டு நீலமும் ஒரு சிவப்புமாக, ஒருவர் மட்டும் இரண்டு பகையாளிகளுக்கும் நடுவே சிநேகமாக நிற்கிற முக்கோணம் தாளில் நிற்கவே இல்லை. பதினைந்து நாளில் ஏதாவது ஒரு கோடு நிறம் மாறிவிடும். பதினாலாம் நம்பர் அம்மாள் தம் மனசு நிற்பதற்கு வைத்த விதி எங்கள் ஊரின் விதியாகவே ஆகியிருந்தது.

ஒரே ஒரு முக்கோணம் இரண்டு மாதமாக அடங்காமல் நின்றது. ஏழு, பதினாலு, இருபத்திரண்டு.

ஏழாம் நம்பர் எண்ணெய் மில் வீட்டு அம்மாள். மெல்லிய குரல். கைப்பிடியை அவர் சுற்றினால் தகடு பாதி விழுந்து யோசிக்கும். இருபத்திரண்டு ஒரு ஜின்னிங் பாக்டரி வீட்டு அம்மாள். இந்த மூவரும் சிறுமிகளாக இருந்தபோதே சிநேகம். முப்பது வருஷப் பழக்கம். தினம் பத்து மணிக்கு ஒருவரோடு ஒருவர் பேசாவிட்டால் அவர்களுக்குப் பொழுது விடியாது. பதினாலுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையே சிவப்புக் கோடு விழுந்தது ஒரு கல்யாண அழைப்பால். அந்த அழைப்பை இணைத்துக் கொடுத்தவளும் நான்தான்.

இருபத்திரண்டாம் நம்பர் வீட்டில் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமானது. நாள் குறித்த அதே நிமிஷம் அந்த அம்மாள் என்னிடம் மூச்சிறைக்க, "பதினாலு குடுங்க அம்மணி, மொதல்ல அவளுக்குத்தான் சொல்லோணும்" என்றார். கொடுத்தேன். உறவுக்கும் ஊருக்கும் முன்னால் சிநேகிதிக்குச் சொன்னதாக அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து ஐந்து நிமிஷத்தில் பதினாலின் தகடு குதித்தது.

"கேட்டீங்களா அம்மணி? வெத்தலை பாக்கு இல்ல, சந்தனம் குங்குமம் இல்ல, ஊட்டுப் படியேறி வந்து ஒரு வார்த்தை இல்ல. கல்யாணத்துக்குக் கம்பியில கூப்புடறா! நான் என்ன பஞ்சு மூட்டையா, போன்ல வெலை சொல்லிக் கூப்புடறதுக்கு?"

"சந்தோசத்துல அவசரமாச் சொல்லியிருப்பாங்க. அப்பறம் நேர்ல வருவாங்க."

"வந்தாப் பாத்துக்கலாமுங்க."

இருபத்திரண்டு வரவில்லை. எல்லாருக்கும் முன்னால் அவளுக்குச் சொல்லியாயிற்றே, நேரில் வேறு போகவேண்டுமா என்று இருந்துவிட்டார். பதினாலு கல்யாணத்துக்குப் போகவில்லை. முதலில் கூப்பிட்டும் வரவில்லை என்பது இருபத்திரண்டின் கோபம், கூப்பிடவே இல்லை என்பது பதினாலின் கோபம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. அதுதான் வினையாயிற்று.

இருவருக்கும் நடுவே ஏழு மாட்டிக்கொண்டார். பத்து மணிக்குப் பதினாலோடு பேசுவார். பதினொரு மணிக்கு இருபத்திரண்டோடு. இரண்டு பக்கமும் ஒரே கேள்வி: நீ யார் பக்கம்? இரண்டு மாதம் தாங்கினார். ஆடி பிறந்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். அதைப் பதினாலே எனக்குச் சொன்னார்.

"ஆடிப் பதினெட்டு நோம்பி வரைக்கும் ரெண்டு பேருகிட்டயும் பேச மாட்டாளாமுங்க. எனக்கும் சத்தியம், அவளுக்கும் சத்தியம். அதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் சேந்துக்கோணுமாம். எப்படி இருக்குது பாருங்க!"

"நல்ல யோசனைதானுங்களே?"

"நல்ல யோசனைதான். அவ அந்தப் பக்கம் பேசாம இருந்தாச் செரி."

அதிலிருந்து என் பாடு ஆரம்பித்தது. ஏழு யாரோடு பேசுகிறார் என்று என்னைக் கேட்டால் சொல்ல மாட்டேன். அது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு நம்பரைக் கேட்டால், அது பேசிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏழு குடுங்க."

"இதோ, கூப்புடறேனுங்க."

"வேண்டாமுங்க, வேண்டாமுங்க, மறந்து கேட்டுப்போட்டேன்."

ஏழு சும்மா இருக்கிறது என்று அதற்குப் பொருள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. ஏழு பேசிக்கொண்டிருந்தால் உடனே இருபத்திரண்டைக் கேட்பார். அது சும்மா இருந்தால் நிம்மதியாக "மறந்து கேட்டுப்போட்டேன்." இரண்டும் ஒரே நேரம் பேசிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று தீர்ப்பு. மிச்சம் முப்பத்தைந்து நம்பர்கள் இருப்பதும், வெளியூர் என்று ஒன்று இருப்பதும் அவர் கணக்கில் கிடையாது. இதே தந்திரத்தை இருபத்திரண்டும் தாமாகவே கண்டுபிடித்திருந்தார் என்பதுதான் என்னை மிகவும் சோர்வடையச் செய்தது. முப்பது வருஷ சிநேகிதிகள் அல்லவா, மூளை ஒரே மாதிரி வேலை செய்தது.

ஆடி பத்தில் நடந்ததை மேலே எழுதிவிட்டேன். அந்த நேரம் இருபத்திரண்டில் பேசிக்கொண்டிருந்தது அந்த அம்மாளே அல்ல, பாக்டரி மேனேஜர். பதினாலு பேசிக்கொண்டிருந்தது நாத்தனாரோடு; ஏழு சத்தியத்தை மீறிவிட்டாள் என்று சொல்வதற்காக. ஏழு பேசியது வெளியூர் ட்ரங்க் கால். ஒன்பது நிமிஷம். யாரோடு, எதற்காக என்பதை அன்றும் சொல்லவில்லை, இங்கும் எழுதப்போவதில்லை. பேசி முடித்தபின் அந்த அம்மாள் வைக்கும் சத்தமே கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். பேசாமல் காதில் வைத்துக்கொண்டே நின்றிருந்தார். நான்தான், "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்க அம்மணி, முடிஞ்சுது" என்றார். யாராவது பக்கத்தில் இருந்திருக்கவேண்டிய நேரம் அது.

நான்காம் நாள் பதினாலின் தகடு என்றுமில்லாத வேகத்தில் குதித்தது.

"அம்மணி! இருபத்திரண்டுக்கும் ஏழு மேல கோவமாமுங்க! நாத்தனா சொன்னா. என்கூட ஏழு பேசிப்போட்டான்னு கோவமாம். நான் எங்கீங்க பேசுனேன்?" குரலில் சந்தோஷம் துள்ளியது. "ஏழு மேல அவளுக்கும் கோவம்னா, அவ நம்ம பக்கந்தானுங்களே. இருபத்திரண்டு குடுங்க."

"பேசலீங்க" என்றேன், லைன் சும்மாதானா என்று பார்க்கவே கேட்கிறார் என்ற பழக்கத்தில்.

"பேசலீன்னாக் குடுங்க!"

என் கை ஒரு கணம் கயிற்றோடு நின்றது. பிறகு செருகினேன். நாற்பது நிமிஷம் பேசினார்கள். எனக்கு நிம்மதி. இருவரும் பேசினால், ஏழு இருவரோடும் பேசவில்லை என்பது இரண்டாவது நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். மூன்று கோடும் நீலமாகிவிடும். நீலப் பென்சிலை எடுத்துச் சீவிக்கூட வைத்தேன்.

முடிந்ததும் பதினாலு என்னைக் கூப்பிட்டார்.

"அவகிட்டயும் பேசலியாமுங்க, என்கிட்டயும் பேசல. அப்ப அரை மணி நேரம் யாருகிட்டப் பேசுனா?"

"அரை மணி இல்லீங்க" என்று சொல்லப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிமிஷத்தைச் சொல்வதும் தப்பு.

"எங்க ரெண்டு பேத்துக்கும் வாய்ப்பூட்டுப் போட்டுப்போட்டு, மூணாவது ஒருத்திகூட வாய் நெறையாப் பேசியிருக்கறா. யாருன்னு சொல்லுங்க."

"சொல்லக் கூடாதுங்க."

"ஊர்க்காரியா?"

"சொல்லக் கூடாதுங்க."

"சொல்லப்படாதுன்னா அதுல என்னமோ இருக்குதுங்க" என்றார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நாங்க ரெண்டு பேரும் இன்னிக்கே அவ ஊட்டுக்குப் போறோம். சொல்லலீன்னா இப்படியே இருக்கட்டும்."

ஒரே வார்த்தை. வெளியூர். அதைச் சொன்னால் அவர்கள் ஓடிப்போய் என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். சொன்னால் நான் கையெழுத்துப் போட்டதற்கு அர்த்தமில்லை. நாலைந்து நாள் யோசித்து, முறையான வழி ஒன்றே என்று முடிவு செய்து, ஏழு கூப்பிட்டபோது கேட்டேன்.

"ஒரு விசயங்க. ஆடி பத்தாந்தேதி உங்க லைன் கெடைக்கலைன்னு யாராச்சும் கேட்டா, அது வெளியூர்ப் பேச்சுன்னு சொல்லட்டுங்களா?"

"யாருங்க கேட்டாங்க?"

"அதையும் சொல்லக் கூடாதுங்க."

"வேண்டாமுங்க அம்மணி. அது என்னோட இருக்கட்டும்" என்றார். பிறகு, "பதினாலு குடுங்க. நோம்பி முடிஞ்சுதே" என்றார்.

ஆம், அன்றைக்கு ஆடிப் பதினெட்டு கழிந்து மறுநாள்.

"பேசிட்டிருக்குதுங்க."

"அப்ப இருபத்திரண்டு?"

"அதுவும் பேசிட்டிருக்குதுங்க."

நான் பலகையைப் பார்த்தேன். பதினாலிலிருந்து இருபத்திரண்டுக்கு ஒரே கயிறு தொங்கியது. ஏழு அந்தத் தந்திரத்தைப் போட்டது அதுதான் முதல் தடவை. மூன்று பேரில் சரியாகக் கணக்குப் போட்டவரும் அவர்தான். சிரித்தார். அந்த லைனில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"சேந்துட்டாங்க" என்றார். "செரிங்க அம்மணி, அவங்க பேசட்டும். முடிஞ்சதும் எனக்குத்தான் கூப்புடுவாங்க."

கூப்பிடவில்லை. அன்று இல்லை, அந்த வாரம் இல்லை. இரண்டு தடவை இவரே கூப்பிட்டார். இணைத்தேன். எதிர்ப்பக்கம் எடுத்து, குரலைக் கேட்டு, வைத்துவிட்டது. "லைன் அறுந்துபோச்சுங்களா?" என்று கேட்டார். அறுபடவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, லைன்மேனை அனுப்பினேன். அவர் கம்பத்திலேறிப் பார்த்து, மணி அடித்துப் பார்த்து, திரும்பி வந்து, "லைன் தங்கமாட்ட இருக்குது. மனுசங்கதான் அறுந்துபோயிருக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைக்க வெளியே போனார். தாளை எடுத்துக் கோடுகளைத் திருத்தினேன். பதினாலு–இருபத்திரண்டு நீலம். ஏழு–பதினாலு சிவப்பு. ஏழு–இருபத்திரண்டு சிவப்பு. முதல் தடவையாக அந்தத் தாளில் அடங்காத முக்கோணம் ஒன்றும் இல்லை. கிழித்துப் போட்டேன்.

ஆவணியில் ஒரு நாள் பதினாலாம் நம்பர் அம்மாள் எக்ஸ்சேஞ்சைப் பார்க்க நேரில் வந்தார். குரலைவைத்து ஓர் ஆறடி ஆளை மனசில் வைத்திருந்தேன். என் தோள் உயரம்கூட இல்லை. மெலிந்த கைகள். இந்தக் கைகளா தகட்டைக் குதிக்கவைத்தன என்றிருந்தது. சூப்பர்வைசர் நாற்காலி போட்டும் உட்காராமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல என்ற ஓட்டை எதுங்க?"

காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். அப்போது மண்டி ஒன்றுக்கு நான் இணைப்புக் கொடுத்ததைக் கவனித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"பாத்தீங்களா அம்மணி? ஒரு ஓட்டைக்கு ஒரு கயிறுதான். ரெண்டு போவாது. இதையே நான் சொன்னா மட்டும் தப்புங்கறீங்க."

"இது மரப் பலகைங்க" என்றேன். என் குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்துதான் இருக்கவேண்டும்.

அவர் பதில் சொல்வதற்குள் ஏழின் தகடு பாதி விழுந்து, யோசித்து, முழுதாக விழுந்தது. கேட்கும் கருவியைக் காதில் மாட்டியிருந்ததால் அவர் குரல் எனக்கு மட்டும் கேட்டது.

"அம்மணி, என்ற லைன் நல்லா இருக்குதுங்களா? மணியே அடிக்க மாட்டேங்குது."

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"செரிங்க" என்று வைத்துவிட்டார்.

பதினாலாம் நம்பர் அம்மாள் தகட்டின் எண்ணைப் படித்திருந்தார்.

"அவளா?"

"சொல்லக் கூடாதுங்க."

"தகட்டுலயே எழுதியிருக்குதே, சொல்றதுக்கு என்ன?" என்றார். அப்புறம் குரல் தணிந்து, "அவளுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. கருவியைக் காதிலிருந்து கழற்றி அவரிடம் நீட்டினேன். "நீங்களே கேட்டுக்கங்க. மணி அடிக்கறேன். ஒரு நிமிசம் போதும்." வேறொருவர் கையில் அதைக் கொடுப்பது விதிப்படி தப்பு. வேலையில் இருந்த காலம் முழுதும் நான் தெரிந்து செய்த ஒரே தப்பு அது. சூப்பர்வைசர் நல்லவேளையாகத் தலை தூக்கவில்லை.

கையை நீட்டினார். விரல் பட்டது. பிறகு கையை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"இப்ப அவகூடப் பேசுனா இருபத்திரண்டு கேப்பா அம்மணி, நீ மட்டும் எப்படிப் பேசுனேன்னு. இப்பத்தான் சேந்திருக்கறோம். மறுபடி என்னால முடியாதுங்க."

"மூணு பேரும் பேசலாமுங்களே."

"மொதல்ல யாரு பேசறது?"

கருவியை மறுபடி காதில் மாட்டிக்கொண்டேன். அவர் படியிறங்கும்போது திரும்பி, "நீங்களும் என்னாட்டத்தானுங்க. சொல்லப்படாதுன்னாச் சொல்லப்படாது" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, பாராட்டாகச் சொன்னார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பத்து மணிக்குத் தகடு குதித்தது.

"ஏனுங்க அம்மணி, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. நம்பர்?"

"ஏழாம் நம்பர் லைன் நல்லா இருக்குதுங்களா?"

ஒரு சந்தாதாரரின் லைன் பழுதா இல்லையா என்பது ரகசியம் அல்ல. விதிப் புத்தகத்தை மனசில் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"நல்லா இருக்குதுங்க."

"செரிங்க. இருபத்திரண்டு குடுங்க."

அதற்கடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். நான் கோயமுத்தூருக்கு மாற்றலாகும்வரை ஒரு நாள் தவறவில்லை. பதினொரு மணிக்கு ஏழு கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்பார். அவருக்கும் அதே பதில். இன்னொருவரும் இதைத்தான் கேட்டார் என்று அவரிடம் சொல்ல எத்தனை நாள் வாயெடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லவில்லை.

என் இடத்துக்கு வந்த பெண்ணிடம் பொறுப்பை ஒப்படைத்தபோது நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் கடைசி வரி இது: காலை பத்து மணிக்குப் பதினாலும், பதினொரு மணிக்கு ஏழும், ஏழாம் நம்பர் லைனைப் பற்றி விசாரிப்பார்கள், சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும். அவள் போன மாதம் கோயமுத்தூர் வந்தபோது கேட்டேன். நிலவரம் அப்படியே இருக்கிறது. பதினாலும் இருபத்திரண்டும் தினம் பேசுகிறார்கள். ஏழோடு இருவரும் பேசுவதில்லை. ஏழாம் நம்பர் லைனில் பழுது ஒன்றும் இல்லை.